வாடகைக்குப் போகாத கேசட்டுகள்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். சித்திரை விடுமுறையில் காரைக்குடிப் பக்கத்து அப்பத்தா வீட்டில் மொத்தக் குடும்பமும் பத்து நாள் கூடப் போகிறது. எண்பது வயது அப்பத்தாவிலிருந்து எட்டாவது படிக்கிற பையன் வரை எல்லோரும் இருப்பார்கள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், உட்கார்ந்து படம் பார்க்கலாம் என்று எண்ணம். ‘கவனிக்கப்படாத நல்ல படங்கள்’ என்று எங்கே தேடினாலும் அதே பத்துப் பெயர்தான் வருகிறது, நிஜமாகவே ஆட்கள் பார்க்காமல் விட்ட படம் எது, நம் ஊர்ப்பக்கம் சம்பந்தப்பட்டது ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எந்தப் படத்தை எந்த ராத்திரி யாரை உட்கார வைத்துக்கொண்டு போடுவது என்று சொல்லத்தான் ஆள் வேண்டும் போலிருக்கிறது. அந்த வேலையை நான் இருபது வருஷத்துக்கு மேல் செய்திருக்கிறேன்.

காரைக்குடியில் 1987இல் வீடியோ கேசட் கடை வைத்தேன். வெறும் கேசட் மட்டுமில்லை. கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), படைப்பு (முன்னோருக்குப் படையல்) என்று வெளியூரிலிருந்து வந்து கூடும் வீடுகளுக்குக் கலர் டிவி, கேசட் ஓட்டும் டெக், நாலு கேசட் எல்லாம் சேர்த்து ஒரு ராத்திரி வாடகைக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் கொடுத்துவிட்டு விடியும்போது போய் எடுத்து வருவேன். பல நாள் நானும் அங்கேயே தூணில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், டெக் மக்கர் பண்ணினால் ஹெட் துடைக்க ஆள் வேண்டுமே. யார் எந்த இடத்தில் எழுந்து போனார்கள், எந்த இடத்தில் குழந்தைகள் தூங்கின, எந்த இடத்தில் ஆச்சிமார் பேச்சை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தார்கள் என்பதெல்லாம் எனக்குப் பழக்கம். கடையில் ஒரு நீள நோட்டு உண்டு. எந்தக் கேசட் எத்தனை தடவை வெளியே போனது என்று அதில் இருக்கும். ரஜினி படத்துக்குப் பக்கம் பக்கமாகத் தேதி. சில படங்களுக்கு ஒரே ஒரு வரி, அதுவும் நான் வற்புறுத்திக் கொடுத்தது. நேர்மையாகச் சொன்னால், போகாத கேசட்டில் முக்கால்வாசி போகாததற்கு நியாயம் இருந்தது. ஓடாத படமெல்லாம் ஒளிந்திருக்கும் மாணிக்கம் என்று நம்பிவிடாதீர்கள். இப்போது சொல்லப் போவது அந்த மீதிக் கால்வாசியையும், கடையை மூடிய பிறகு நான் பார்த்தவற்றையும்தான். படத்தொழிலில் நான் இருந்ததில்லை. ஒரு படம் ஏன் ஓடவில்லை என்று நான் சொல்லுமிடமெல்லாம் கடைக்காரனின் ஊகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு, பெயர் போன்றவற்றைத் தெரிந்துதான் எழுதுகிறேன்.

‘உதிரிப்பூக்கள்’, ‘அவள் அப்படித்தான்’, ‘ஆரண்ய காண்டம்’ மூன்றையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. மூன்றும் அருமையான படங்கள்தான். ஆனால் பல வருஷமாக எல்லோரும் ‘யாரும் கவனிக்கவில்லை’ என்று சொல்லிச் சொல்லியே அவை நன்றாகக் கவனிக்கப்பட்டுவிட்டன.

முதல் ராத்திரிக்கு ‘அந்த நாள்’. 1954இல் ஏவி.எம். தயாரித்து வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய படம். ஏவி. மெய்யப்பச் செட்டியார் காரைக்குடிக்காரர் என்பது உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். யுத்த கால நெருக்கடியில் அவர் ஸ்டூடியோவைச் சென்னையில் வைக்காமல் இங்கே தேவகோட்டை ரஸ்தா பக்கம் கொட்டகை போட்டுத்தான் நடத்தினார் என்பதும், 1947இல் வந்த ‘நாம் இருவர்’ இங்கே எடுத்ததுதான் என்பதும் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். அதைச் சொல்லிவிட்டுப் படத்தைப் போடுங்கள், ஒரு மரியாதை வரும். ‘அந்த நாள்’ படத்தில் பாட்டு கிடையாது, ஆட்டம் கிடையாது. 1954இல் ஒரு தமிழ்ப் படத்தில் பாட்டு இல்லை என்றால், கல்யாண விருந்தில் சோறு இல்லை என்கிற மாதிரி. வந்தபோது வசூல் சரியில்லாமல் போனதற்கு அதுவே பெரிய காரணமாக இருந்திருக்கும். 1943இல் ஜப்பான்காரன் குண்டு போட்ட சென்னை, அடுத்த நாள் காலை ஒருவன் சுடப்பட்டுக் கிடக்கிறான். சிவாஜிதான் செத்துப்போகிறவர், அதுவும் படம் தொடங்கிய உடனே. பிறகு ஒவ்வொருவரும் அவரைப் பற்றிச் சொல்லச் சொல்ல ஆள் மாறிக்கொண்டே வருகிறார். நான் இதைப் போட்ட வீடுகளில் எல்லாம் நடந்த ஒன்று, முதல் கால் மணி நேரம் ‘பழைய படமா’ என்று முனகல், அப்புறம் யார் கொன்றது என்று பந்தயம். பையனுக்கும் அப்பத்தாவுக்கும் ஒரே நேரத்தில் பிடிக்கிற படம் கிடைப்பது அபூர்வம். இது அப்படிப்பட்டது. கொலைகாரர் யார் என்று முன்பே பார்த்தவர்கள் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஊர்ப்பக்கத்துப் படம் என்றால் அடுத்தது ‘சிவகங்கைச் சீமை’. 1959. சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன் சொந்தமாகத் தயாரித்துக் கதை வசனமும் எழுதிய மருது சகோதரர் படம், இயக்கம் கே. சங்கர், எஸ்.எஸ். ராஜேந்திரனும் எஸ். வரலட்சுமியும் நடித்தது. அதே ஆண்டு ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வண்ணத்தில் வந்து நின்றது. கறுப்பு வெள்ளையில் வந்த சிவகங்கைக்காரர்கள் அந்த வெளிச்சத்தில் காணாமல் போனார்கள். கட்டபொம்மன் வசனத்தைப் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பேசாத ஊர் இல்லை. மருது பாண்டியர்கள் 1801 அக்டோபர் 24ஆம் தேதி தூக்கிலிடப்பட்ட திருப்பத்தூரிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கும் நம் ஊரிலேயே இந்தப் படத்தின் பெயரைச் சொன்னால் விழிப்பார்கள். குறையும் உண்டு. நாடக வாடை அடிக்கும், நடுவில் தொய்யும். படம் முழுக்கத் தூக்கி நிறுத்தும் என்று உத்தரவாதம் தர மாட்டேன். ஆனால் ‘தென்றல் வந்து வீசாதோ’ தாலாட்டு வரும்போது அப்பத்தா கூடவே முணுமுணுப்பார்கள் பாருங்கள். மறுநாள் மருது சகோதரர் சமாதி இருக்கும் காளையார்கோவிலுக்கு வண்டி கட்டிக்கொண்டு போகிற எண்ணம் இருந்தால் முந்தின ராத்திரி இதைப் பார்ப்பது பொருத்தம். இல்லையென்றால் விட்டுவிடலாம்.

இப்போது நான் நிஜமாகச் சொல்ல விரும்பிய படத்துக்கு வருகிறேன். செட்டிநாட்டு வீடு தமிழ் சினிமாவுக்குப் புதிதில்லை. ஆத்தங்குடிக் கல்லும் பர்மாத் தேக்குத் தூணும் காட்டாத இயக்குநர் குறைவு. ஆனால் அந்த வீட்டில் பெரும்பாலும் ஒரு மீசைக்கார ஜமீன்தாரோ வில்லனோதான் குடியிருப்பார். வீடு வாடகைக்கு, வாழ்க்கை வேறு யாருடையதோ. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டுக்குள் நடக்கிற விஷயத்தையே கதையாக எடுத்த படம் எனக்குத் தெரிந்து ‘சாசனம்’ ஒன்றுதான். மகேந்திரன் இயக்கியது, தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் படம். அரவிந்த்சாமி, கௌதமி, ரஞ்சிதா. தொண்ணூறுகளின் கடைசியில் எடுக்க ஆரம்பித்து 2006இல்தான் வெளியே வந்தது. அதற்குள் அரவிந்த்சாமியைப் பார்க்கத் தியேட்டருக்கு வந்த கூட்டம் வேறு ஆட்களுக்கு மாறிவிட்டிருந்தது. மகேந்திரன் இயக்கிய கடைசிப் படமும் அதுதான். சின்னவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த ‘தெறி’ படத்தில் வில்லனாக வந்த பெரியவர் என்று சொன்னால் போதும். மகேந்திரன் நமக்கு அந்நியமும் இல்லை. இளையான்குடிக்காரர், இங்கே அழகப்பா கல்லூரியில் படித்தவர். எம்.ஜி.ஆர். அந்தக் கல்லூரிக்கு வந்தபோது மேடையேறி அவர் முன்னாலேயே சினிமாவை விமர்சித்துப் பேசி அவரிடமே பாராட்டு வாங்கியவர். அந்தப் பேச்சுதான் அவரைப் பிற்பாடு கோடம்பாக்கத்துக்குக் கொண்டுபோனது.

‘சாசனம்’ பிள்ளை கூட்டுவதைப் பற்றிய கதை. உங்கள் வீட்டில் இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் வெளியிலிருந்து வந்த மருமக்கள் யாராவது இருந்தால் ஒரு வரி சொல்லிவிடுங்கள். ஒரு வீட்டில் பிள்ளையில்லை என்றால் இன்னொரு வீட்டுப் பிள்ளையைச் சுவீகாரம் எடுப்பார்கள். அன்றோடு அவன் வந்த வீட்டுக் கணக்கில் ஒருவன். பெற்ற வீட்டில் அவனுக்குப் பங்கும் இல்லை, உரிமையும் இல்லை. சட்டப்படி இது ஒரு வரி. பெற்றவனும் பிள்ளையும் ஒரே ஊரில் எதிரெதிரே நடக்கும்போது அது என்னவாகிறது என்பதில்தான் படம் நிற்கிறது. கத்தல் இல்லை, நீதிமன்றக் காட்சி இல்லை. மகேந்திரனுக்கே உரிய மாதிரி, சொல்ல வேண்டியதைப் பாதிப் பேர் சொல்லாமலே போய்விடுகிறார்கள். இது அவருடைய சிறந்த படமா என்றால் இல்லை. ‘முள்ளும் மலரும்’ எடுத்த கை இதில் சில இடங்களில் தளர்ந்திருக்கிறது, பணமும் நாளும் பற்றாமல் எடுத்த மாதிரித் தெரியும். இருந்தாலும் ஒரு சங்கதி. கடையின் கடைசிக் காலத்தில் இந்தப் படத்து டிஸ்க் ஒன்று வைத்திருந்தேன். ஒரு ஐயா வந்து வாங்கிப் போனார், மறுநாள் தர வேண்டியதை ஒன்பதாம் நாள் கொண்டுவந்தார். தாமதக் காசை நான் வேண்டாம் என்று சொல்லியும் எண்ணி வைத்தார். படம் எப்படி என்று கேட்டேன். ‘என்னையும் பிள்ளை கூட்டித்தானப்பா கொண்டுவந்தாக’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் இந்தப் படத்தின் தளர்ச்சியைப் பற்றி அதிகம் பேச எனக்கு வாய் வருவதில்லை. உங்கள் வீட்டில் பிள்ளை கூட்டி வந்தவர்கள் யாராவது இருந்தால் முதலில் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போடுங்கள். எல்லோரும் கூடி உட்கார்ந்து பார்க்கிற விஷயமா, தனியாகப் பார்க்கிற விஷயமா என்று அவர்கள்தான் சொல்ல முடியும்.

நாலாவது, பாலு மகேந்திராவின் ‘வீடு’, 1988. தேசிய விருது வாங்கிய படம், அர்ச்சனாவுக்கும் விருது. இதைப் போய்க் கவனிக்கப்படாதது என்கிறாரே என்று யாராவது கேட்பார்கள். பெயரைக் கேள்விப்பட்டவர்கள் அதிகம், உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. என் நோட்டில் இதற்கு மொத்தம் ஏழு வரிதான். சென்னையில் ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் சின்னதாக ஒரு வீடு கட்டப் பார்க்கிறாள், அவ்வளவுதான் கதை. மனை, கடன், பிளான், லஞ்சம், சிமெண்ட் திருடும் காண்டிராக்டர். பாட்டு இல்லை. இளையராஜா தன்னுடைய ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தொகுப்பிலிருந்துதான் பின்னணிக்கு எடுத்துக் கொடுத்தார். தாத்தாவாகச் சொக்கலிங்க பாகவதர் வருவார். பாதி எழும்பிய சுவரை அவர் தடவிப் பார்க்கிற காட்சி ஒன்று போதும்.

இந்தப் படத்தை நான் இங்கே போடச் சொல்வதற்குத் தனிக் காரணம் உண்டு. ஒருமுறை கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டில் இதைப் போட்டேன். முகப்பிலிருந்து பின்கட்டு வரை போய் வந்தால் ஒரு தெரு நடந்த மாதிரி இருக்கும். இரட்டைக் கட்டு வீடு, பங்காளிகள் ஏழு பேர், ஆறு பேருடைய அறைகளில் பூட்டு. அங்கே வளவில் இருபது பேர் உட்கார்ந்து, நாலு சுவர் எழுப்ப முடியாமல் ஒருத்தி அல்லாடுவதைப் பார்த்தார்கள். படம் முடிந்ததும் யாரும் படத்தைப் பற்றிப் பேசவில்லை. மேல்தளத்தில் ஒழுகுகிறதே, ஓடு மாற்ற என்ன ஆகும், யார் யார் பங்கு போடுவது என்று பேச்சு போனது. இரண்டு மணி வரை பேசினார்கள். சண்டையும் வந்தது. உங்கள் வீட்டிலும் பொது இடம் பராமரிப்பு என்று ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால், இந்தப் படத்தை ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் போடாதீர்கள். நடு நாளில் போடுங்கள், பேசித் தீர்க்க நேரம் இருக்கும்.

அடுத்த வருஷம் அதே பாகவதரை வைத்து பாலு மகேந்திரா எடுத்தது ‘சந்தியா ராகம்’. ஊரில் மனைவியை இழந்து பட்டணத்துக்கு உறவுக்காரப் பையன் வீட்டுக்கு வரும் கிழவர். நான் பார்த்த தமிழ்ப் படங்களில் முதுமையை இவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்த்தது இன்னொன்று இல்லை. என்றாலும் அப்பத்தாவை நடுவில் உட்கார வைத்து இதைப் போட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பெரியவர்கள் படத்தைப் பார்க்க மாட்டார்கள், நீங்கள் எல்லோரும் அவர்களைப் பார்ப்பீர்கள். அது அவர்களுக்குத் தெரியும். அப்பத்தா படுத்த பிறகு, உங்கள் அப்பா வயதுக்காரர்கள் மட்டும் பார்க்கலாம்.

அப்பத்தாவுக்கு வேண்டுமானால் ‘கே.டி. என்கிற கருப்புதுரை’, 2019, இயக்கம் மதுமிதா. மூன்று மாதம் நினைவில்லாமல் கிடந்த கிழவர் கண் விழித்தால், வீட்டார் தலைக்கூத்தலுக்கு, அதாவது முடியாத முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாகவிடும் வழக்கத்துக்கு, நாள் குறித்திருப்பது காதில் விழுகிறது. வீட்டை விட்டு ஓடுகிறார். வழியில் ஒரு பொடியனோடு சேர்ந்துகொண்டு தான் செய்ய ஆசைப்பட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்கிறார், அதில் பிரியாணி முக்கியம். கேட்க விவகாரமாக இருக்கும், பார்த்தால் சிரிப்பும் கண்ணீருமாகப் போகும். பேராசிரியர் மு. ராமசாமி கிழவர். எண்பது வயதுக்காரர்கள் இதைப் பார்த்து வருத்தப்பட்டு நான் கண்டதில்லை. என் அம்மா ‘ஓடினான் பாரு’ என்று கைதட்டினாள். தலைக்கூத்தலையே சிரிப்பில்லாமல் சொல்லும் ‘பாரம்’ என்று இன்னொரு படம் உண்டு, பிரியா கிருஷ்ணசாமி எடுத்தது. நல்ல படம், குடும்ப விடுமுறைக்கு வேண்டாம்.

குலதெய்வம் கும்பிடப் போகிற நாளுக்குப் பொருத்தமாக ‘ஒரு கிடாயின் கருணை மனு’, 2017. சுரேஷ் சங்கையா இயக்கியது. புதுமணத் தம்பதியும் சொந்தபந்தமும் லாரி ஏறிக் கிடாய் வெட்டப் போகிறார்கள், வழியில் ஒரு விபத்து. லாரி நிறைய ஆட்கள், ஆளுக்கு ஒரு வாய், ஒவ்வொருவரும் ஒரு யோசனை சொல்கிறார்கள். உங்கள் வீட்டு வேன் பயணத்தை யாரோ ஒளிந்திருந்து படம் எடுத்த மாதிரி இருக்கும். எங்கள் பக்கத்தில் இது எத்தனை நாள் ஓடியது என்று விரல் விட்டு எண்ணக்கூடத் தேவையில்லை. பெரிய நடிகர் இல்லாத படத்துக்குத் தியேட்டரில் ஒரு வெள்ளிக்கிழமைதான் ஆயுள். வாய்மொழியாகப் பெயர் பரவி ஆள் வருவதற்குள் அடுத்த படத்து போஸ்டர் ஒட்டியாகிவிடும். அந்த இயக்குநர் 2024இல் இளம் வயதிலேயே இறந்துபோனார், அதனாலும் இந்தப் பெயரை எங்கே வாய்ப்புக் கிடைத்தாலும் சொல்கிறேன்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ‘மறுபக்கம்’, கே.எஸ். சேதுமாதவன் இயக்கியது, இந்திரா பார்த்தசாரதியின் ‘உச்சிவெயில்’ கதை. சிறந்த படத்துக்கான தேசிய விருதான தங்கத் தாமரையைத் தமிழுக்கு முதலில் வாங்கித் தந்த படம் இது. கேட்டுப் பாருங்கள், பத்தில் ஒருவர் பார்த்திருந்தால் அதிகம். அடக்கமான சிவகுமாரை அதில் பார்க்கலாம். ‘ஏழாவது மனிதன்’ பாரதியின் நூற்றாண்டான 1982இல் வந்தது, இயக்கம் ஹரிஹரன், ரகுவரனுக்கு முதல் படம். பாரதி பாட்டுகளுக்கு எல். வைத்தியநாதன் போட்ட மெட்டுக்காகவே பார்க்கலாம். கதை எனக்குக் கொஞ்சம் பிரசாரமாகப் பட்டது, வேறு ஆட்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பார்த்திபனின் ‘ஹவுஸ்ஃபுல்’, 1999, தியேட்டருக்குள் வெடிகுண்டு, படம் பார்க்கிற கூட்டத்துக்குத் தெரியாமல் தேட வேண்டும். உங்கள் எட்டாம் வகுப்புப் பையனுக்கு இதுதான். ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ கதையிலிருந்து சசி எடுத்த ‘பூ’, 2008, முறைப்பையனை மனதில் வைத்திருக்கும் மாரியாகப் பார்வதி. அத்தைமார், சின்னம்மாமார் எல்லோரும் கூடியிருக்கும் மத்தியான வேளைக்கு அதைப் போடுங்கள், வெற்றிலைப் பெட்டி மூடாமல் கிடக்கும்.

என் ரசனையில் ஒரு கோணல் இருப்பதையும் சொல்ல வேண்டும். குடும்பத்தைப் பற்றிய மெதுவான படங்கள் பக்கம் சாய்கிறேன், இருபது வருஷம் வளவுகளில் உட்கார்ந்து பார்த்ததன் பலன். சண்டைப் படம், பேய்ப் படம் வகையில் கவனிக்காமல் விடப்பட்டவற்றை என்னைவிடச் சிறியவர்களிடம் கேளுங்கள். எந்தப் படம் எந்தச் செயலியில் இருக்கிறது என்பது மாதத்துக்கு மாதம் மாறுகிறது, அதனால் கிளம்புவதற்கு முன்பே தேடி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் போய் இறக்கலாம் என்று நம்ப வேண்டாம், அரையடிக் கனச் சுவருக்கே சிக்னல் நிற்கும், உங்கள் வீட்டில் இரண்டடி.

புரொஜெக்டர் கொண்டுவருவதாக இருந்தால் கடைசியாக இரண்டு விஷயம். வளவுச் சுவர் வெள்ளையாகத்தானே இருக்கிறது என்று அதிலேயே அடிக்காதீர்கள். முட்டைப் பூச்சுச் சுவர் கண்ணாடி மாதிரி மினுங்கும், படத்துக்கு நடுவில் விளக்கு ஒரு வட்டமாகத் தெரியும். இரண்டு தூணுக்கு நடுவில் எட்டு முழ வேட்டியை நனைத்துப் பிழிந்து இழுத்துக் கட்டினால் காயும்போது சுருக்கம் போய்விடும். இன்னொன்று சத்தம். கல் தரையும் உயரக் கூரையும் சேர்ந்து வசனத்தை இரண்டு தடவை சொல்லும். வீட்டில் இருக்கிற ஜமுக்காளம், பாய் எல்லாவற்றையும் விரித்துவிட்டு, ஸ்பீக்கரைத் திரைக்குப் பக்கத்தில் வைக்காமல் அப்பத்தா நாற்காலிக்குப் பக்கத்தில் குறைந்த சத்தத்தில் வையுங்கள். மற்றவர்கள் எப்படியும் நகர்ந்து அவர்களைச் சுற்றி வந்து உட்கார்ந்துகொள்வார்கள்.